மாசிலாமணியின் நல்ல பாட்டுகள்

முந்நூற்றுப் பதினோரு பாட்டு இருந்தது. அதில் அறுபது நிமிடம் மட்டும்தான் ஏற்றமுடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

செண்பகத்துக்கு அது ஒரு பெரிய வேலையாகத் தெரியவில்லை. தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் 'செண்பகவல்லி சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு வைத்து முப்பத்திரண்டு வருடமாக மைக் செட் கட்டுகிறவள் அவள். கல்யாணமா, காதுகுத்தா, பால் காய்ச்சா, எந்த வீட்டில் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரியாதது கிடையாது. ஊரில் எல்லாமே மாறிவிட்டது. மீன் ஏலத்தை மெஷின் கூவுகிறது, லாரி டிரைவர் இல்லாமல் ஐஸ் கம்பெனி வாசலில் வந்து நிற்கிறது. ஆனாலும் தாலி கட்டும்போது ஒப்பாரி வைக்கிற பாட்டு வந்துவிட்டால் மைக் செட்காரிக்கு இன்றைக்கும் அடிதான்.

அந்த அடியை அவள் ஒருமுறை வாங்கியிருக்கிறாள். ஏரலில் ஒரு கல்யாணத்தில் பட்டியல் மாறி, பிரிவைப் பாடுகிற பாட்டு ஒன்று பாதி வரைக்கும் ஓடிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையிலிருந்து குதித்து ஒயரைப் பிடுங்கினார். மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை பைக்கில் போகும்போது செத்துப்போனான். "அவ போட்ட பாட்டு" என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கட்டிலில் கிடப்பவன் அவள் தம்பி மாசிலாமணி. ஐஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கட்டி உடைக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. பேசவும் மாட்டான். "சாப்ட்டியால?" என்று கேட்டால் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். ஆனால் வேலை முடிந்ததும் ஐஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு கட்டை அமுங்காத ஒரு பொம்மைக் கீபோர்டை மடியில் வைத்துப் பாடுவான். சுதி சேராது, தாளம் நிற்காது. பின்னால் கம்ப்ரசர் மோட்டார் 'ங்ங்' என்று ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதையே சுருதிப்பெட்டியாக வைத்துக்கொண்டு பழைய போனில் பிடித்து, 'ஐஸ் ரூம் மாசி' என்ற பெயரில் நெட்டில் ஏற்றிவிடுவான். கேட்கிறவர்கள் மொத்தம் நாற்பத்தோரு பேர். பங்குனி மாதம் ஒரு காலையில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தான். கை கால் போய்விட்டது. வாயும் கண்ணிமையும் போய்விட்டன. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற பெண் நஸ்ரீன். அவள்தான் தலையில் பதிக்கிற 'குரல் ஒட்டு' என்ற சில்லு பற்றிச் சொன்னாள்.

"செண்பகம்மா, உங்க தம்பிக்கு மூளை நல்லா இருக்கு. நாக்குக்குப் போற வழிதான் அடைச்சுப்போச்சு. இந்தச் சில்லு அவுக மனசுல கிளம்புத அலையப் பிடிக்கும். அதே மாதிரி அலை எந்தப் பாட்டுல இருக்குன்னு தேடும். கிடைச்சத அவுக குரல்லயே வெளிய விடும்."

"அப்போ தண்ணி வேணும்னு நினைச்சா, தண்ணி வேணும்னு சொல்லிருவானா?"

"வார்த்தை அதுக்குத் தெரியாதும்மா. மனசுதான் தெரியும். மத்தவங்களுக்கு போன்ல பேசுனது, மெசேஜ் விட்டதுன்னு பத்து வருசப் பேச்சு கிடக்கும். அத ஏத்துனா பேச்சாவே வந்துரும். உங்க தம்பி பேசுனது எதுவும்…"

"அவன் எங்கம்மா பேசுனான்! வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி திரிவான்."

"அப்ப பாட்டுதான். அறுவது நிமிசம் கோத்துக் குடுங்க. சிரிப்பு, கோவம், அழுகை எல்லாம் கலந்து இருக்கணும். ஒரு தடவ ஏத்துனா ஏத்துனதுதான். மூணு வாரத்துல மூளை அதோட ஒட்டிக்கிடும். பெறகு பிச்சா உள்ளதும் போயிரும்."

"சரிம்மா" என்றாள் செண்பகம்.

நஸ்ரீன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இன்னொண்ணு. இப்பச் சட்டம் வந்துருச்சு. ஒட்டுல வர்ற குரல் அவுக கையெழுத்து மாதிரி. அவுக என்ன கேட்டாலும் நான் ரிப்போர்ட்ல எழுதணும். மருத்துவம் வேணும்னாலும் வேண்டாம்னாலும் அவுக குரல்தான் முடிவு."

செண்பகம் அன்று மத்தியானமே உட்கார்ந்தாள். ஒரு பாட்டுக்கு ஒரு மெமரி அட்டை என்று மாசி எண் ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தான். அவள் இன்னும் இரண்டு டப்பா எடுத்தாள். ஒன்று ஆகும், இன்னொன்று ஆகாது. கல்யாண வீட்டுக்குப் பட்டியல் போடுவதுபோலவே ஒவ்வொன்றாகப் போட்டு, பல்லவி மட்டும் கேட்டு, டப்பா மாற்றினாள். மத்தி மீனைப் பற்றி ஒன்று, ஆகும். சம்பள நாளில் பாடியது, ஆகும். 'கால் இருக்கு, நடக்கச் சொன்னா நடக்கல, கை இருக்கு, எடுக்கச் சொன்னா எடுக்கல' என்று ஒன்று வந்தது. தேதியைப் பார்த்தாள். விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால் பாடியது.

"பாவிப்பய, பாடிப் பாடியே இதக் கூப்புட்டுருக்கான்" என்று அந்த அட்டையை ஆகாத டப்பாவில் விட்டெறிந்தாள். அதற்குப் பிறகு அவள் கை கூசவில்லை. சாவு, நோவு, போதும், போகிறேன், எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அந்த அட்டை அங்கேதான் போனது. விளக்கை அணை என்றுகூட வாய்திறந்து சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் அவள்.

மறுநாள் மணப்பாடு ஊரிலிருந்து பஸ் பிடித்து டெல்ஃபின் வந்தாள். அந்த நாற்பத்தோரு பேரில் ஒருத்தி, ஸ்கூல் டீச்சர். கையில் ஒரு நீளநோட்டு வைத்திருந்தாள்.

"அக்கா, நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டு அவரோட பெஸ்ட் பாட்டு பதினஞ்ச எழுதிக்கொண்டாந்துருக்கேன்."

செண்பகம் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பதினைந்தில் பதினாலு ஆகாத டப்பாவில் கிடந்தது.

"இதெல்லாம் கேட்டா மனுசனுக்குச் சோறு இறங்குமாம்மா?"

"எனக்கு இறங்குச்சுக்கா. எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வராத வருசம் இவரு பாட்டக் கேட்டுதான் நான் சோறு தின்னேன். அழுகைய அழகா பாட நூறு பேர் இருக்காங்க. இவரு ஒருத்தர்தான் அழத் தெரியாத ஆளு அழுத மாதிரியே பாடுவாரு."

"அழுததெல்லாம் போதும். இனிமே அவன் வாயில நல்லது மட்டும் வரட்டும். நான் என்ன சொந்தத் தம்பிக்குக் கெடுதலா பண்ணப்போறேன்?"

"நீங்க வச்சிருக்குத பட்டியலப் பாக்கலாமா?"

டெல்ஃபின் பார்த்தாள். விரலை ஒரு வரியில் வைத்தாள். "இது எதுக்குக்கா? ஐஸ் கட்டிக்குக் கல்யாணம்?"

"கல்யாணப் பாட்டும்மா. அவன் பாடுனதுலயே துள்ளலா இருக்குதது அது ஒண்ணுதான்." செண்பகம் கையால் தொடையில் தட்டிப் பாடியே காட்டினாள். "ஐஸ் கட்டிக்குக் கல்யாணமாம், ஆத்தூரு வெயிலு மாப்பிள்ளையாம்…"

"அது கல்யாணப் பாட்டு இல்லக்கா. சரணத்தக் கேட்டுருக்கீங்களா?"

"மைக் செட்டுல சரணம் வரைக்கும் எவன் கேக்கான்? பல்லவி முடியதுக்குள்ள பந்தி போட்டுருவான்."

டெல்ஃபின் சிரிக்கவில்லை. போகும்போது ஆகாத டப்பாவைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். அது கனமாக இருந்தது. "இதயாவது தூரப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளையார் பெயர் வருகிற பாட்டை முதலில் வைத்து, 'எல்லாரும் நல்லா இருங்க' என்று முடிகிற பாட்டைக் கடைசியில் வைத்து, செண்பகம் அறுபது நிமிடத்தையும் நிரப்பினாள். நஸ்ரீன் வாங்கி நீளம் சரியா, குரல் தெளிவா என்று பார்த்தாள். "எல்லாம் கலந்துதான இருக்கு?" என்று கேட்டாள். "இருக்கு" என்றாள் செண்பகம். நஸ்ரீனுக்கு அந்த மாதம் எண்பது வீடு. அவள் உட்கார்ந்து கேட்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலையில் கட்டிலின் தலைமாட்டில் வைத்த சின்னப் பெட்டியிலிருந்து மாசியின் குரல் வந்தது. மோட்டார் இரைச்சலோடு, சுதி விலகி, அவன் குரல் அப்படியே வந்தது. ஐஸ் கட்டிக்குக் கல்யாணமாம்!

செண்பகம் கையில் இருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள். தெருவே வந்துவிட்டது. ஐஸ் கம்பெனி ஆட்கள் லட்டு வாங்கி வந்தார்கள். "பேசுவானான்னு பாத்தா கல்யாணத்துக்குல்ல அவசரப்படுதான்!" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். செண்பகம் பெட்டி சின்னதாக இருக்கிறதே என்று கடையிலிருந்து நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் தெருமுனை வரை கேட்டது.

அன்றிலிருந்து பாடிக்கொண்டே இருந்தான். எப்போதாவது மத்தி மீன் பாட்டு மெதுவாக வரும். மற்ற நேரமெல்லாம் கல்யாணம்தான். குளிப்பாட்டும்போது அந்தப் பாட்டு, புரட்டிப் போடும்போது அந்தப் பாட்டு, யாரும் இல்லாதபோதும் அந்தப் பாட்டு. "குஷி மன்னன்" என்று தெருவில் பேர் வைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது வாரம் வேட்டியை மாற்றப் புரட்டியபோதுதான் செண்பகம் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு, படுத்தே கிடந்ததில் தோல் வெந்துபோய்ச் சதை தெரிந்தது. அவள் ஈரத்துணியால் தொட்டாள். பாக்ஸ் அதிர்கிற மாதிரி, ஐஸ் கட்டிக்குக் கல்யாணமாம் என்றது. கையை எடுத்தாள். குரல் இறங்கியது. மறுபடி தொட்டாள். மறுபடி ஏறியது.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு நஸ்ரீனுக்குப் போன் போட்டாள்.

நஸ்ரீன் வந்து மெஷினில் எதையோ ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செண்பகம்மா, கோர்வையில அழுகைப் பாட்டு எத்தன வச்சீங்க?"

செண்பகம் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"வலிக்குத பாட்டு?"

"வைக்கல."

"ஒண்ணு கூடயா?"

"அவன் வாயில ஆகாதது வரக்கூடாதுன்னுதாம்மா…" செண்பகம் கட்டிலைப் பார்த்தாள். "இப்ப என்ன சொல்லுதான் அவன்?"

நஸ்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வலியோட அலை ரொம்ப உசரமா இருக்கும்மா. மெஷின் அதுக்குத் தக்கன தேடுது. நீங்க குடுத்ததுல அந்த உசரத்துல இருக்குதது இந்தப் பாட்டு ஒண்ணுதான். அதான் திரும்பத் திரும்ப இதையே எடுத்துக் குடுக்குது."

"அப்போ முத நாளு? லட்டு குடுத்தமே, அன்னைக்கு?"

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் கேட்டுப் பாத்துருக்கணும்" என்றாள். "மாத்த முடியாதும்மா. இறுகிப்போச்சு."

நஸ்ரீன் மறுபடியும் மெஷினைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வழி இருக்கு. தேடுதது கிடைச்சிட்டா மெஷின் தேடாது. அது வெளிய இருந்து காதுல விழுந்தாலும் சரிதான். நீங்க கழிச்ச பாட்டெல்லாம் இருக்கா?"

"டப்பாவுல கிடக்கு."

"ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுங்க. அவுக மனசுல உள்ள பாட்டு வந்தா, இந்தக் கல்யாணப் பாட்டு நின்னுரும். எதுக்கு நிக்குதுன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

மறுநாள் காலை செண்பகம் ஆகாத டப்பாவைத் திறந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாக்ஸ் வைத்தாள். ஒரு பக்கத்திலிருந்து மாசி கல்யாணம் பாடினான். இன்னொரு பக்கத்திலிருந்தும் மாசிதான், அவள் கழித்துப்போட்ட மாசி. பத்தாவது அட்டை பல்வலிப் பாட்டு. 'கடவாப் பல்லுக்குள்ள ஒருத்தன் கடப்பாறை போடுதான்' என்று தொடங்கியதுதான் தாமதம், கல்யாணம் டக்கென்று நின்றது.

"வலிக்கால? வலிக்குன்னு சொன்னியா ராசா?" என்று செண்பகம் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அவனிடம் கேட்டு அவன் சொன்ன முதல் பதில் அதுதான். நஸ்ரீன் அன்றே ஊசி எழுதிக் கொடுத்தாள், காற்று மெத்தை வந்தது. பத்து நாளில் புண் வாட ஆரம்பித்தது. டெல்ஃபினுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "நல்லதாப் போச்சுக்கா, நல்லதாப் போச்சு" என்று அவளும் அழுதாள்.

ஆனால் கல்யாணம் நிற்கவில்லை.

புண் ஆறிய பிறகும் பொழுது விடிந்தால் ஐஸ் கட்டி, அடைந்தால் ஐஸ் கட்டி. பல்வலிப் பாட்டைப் போட்டால் இப்போது அது நிற்கவில்லை. வலி இல்லை, அப்படியானால் வேறு என்ன? செண்பகம் கல்யாண ஆர்டரெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு டப்பாவோடு உட்கார்ந்தாள். பசிப் பாட்டு, நிற்கவில்லை. புழுக்கம், கோபம், ஐஸ் கம்பெனி முதலாளியைத் திட்டியது, எதற்கும் நிற்கவில்லை. ஒருத்தி பெயர் சொல்லிப் பாடியது ஒன்று இருந்தது. செண்பகம் கேள்விப்படாத பெயர். அதற்கும் நிற்கவில்லை. முதல்முறையாக அவள் தம்பியின் பாட்டைச் சரணம் வரைக்கும் கேட்டாள். கேட்கக் கேட்க, இவனோடா ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தோம் என்று இருந்தது. டெல்ஃபின் நோட்டில் எழுதியிருந்த பாட்டுகள் வரும்போது அவளுக்கே தெரிந்தது, நல்ல பாட்டு இவைதான் என்று.

வியாழக்கிழமை மத்தியானம் இருநூற்று ஏழாம் அட்டையைப் போட்டாள்.

முதலில் மோட்டார் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு மாசி, பேசுவதுபோலப் பாடினான்.

'மோட்டார நிறுத்துங்கண்ணே
முப்பது வருசம் ஓடியாச்சு
கட்டியெல்லாம் கரையட்டும்
கதவத் தொறந்து விடுங்கண்ணே.'

கல்யாணம் நின்றுவிட்டது.

அறையில் கட்டிலுக்குப் பக்கத்து மூச்சு மெஷின் 'ங்ங்' என்று இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அது ஐஸ் ரூம் கம்ப்ரசர் மாதிரியே இரைகிறது என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு முடிந்தது. கல்யாணம் ஆரம்பித்தது. அவள் மறுபடி அதே அட்டையைப் போட்டாள். நின்றது. ஒருவேளை தற்செயலாக இருக்கும் என்று வேறு நாலு அட்டை போட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. மூன்றாம் தடவை இருநூற்று ஏழு. நின்றது.

"ஏல மாசி" என்றாள். "யக்காவ விட்டுட்டு…"

மேலே சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையை அவள் யாருக்கும் சொன்னதில்லை. போகிறவர்களிடம்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்லிப் பழக்கம். மாசியின் கண் மேலே கூரையைப் பார்த்தபடி திறந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை நஸ்ரீன் வந்தாள். புண்ணைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டப்பா முழுக்கப் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு."

"எதுக்காவது நின்னுச்சா?"

இருநூற்று ஏழாம் அட்டை செண்பகத்தின் முந்தானை முடிச்சில் இருந்தது.

"பல்லு வலிக்கு நின்னுச்சு, சொன்னேன்லா."

"அதுக்கப்புறம்?"

செண்பகம் ஜன்னலைப் பார்த்தாள். ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு லாரி தானாகவே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுக்கும் நிக்கல."

நஸ்ரீன் அவளையே பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். அவளுக்கும் இன்னும் ஏழு வீடு இருந்தது. "அப்ப இந்தப் பாட்டு நெசமாவே சந்தோசம்னு எழுதிரட்டுமா? வலியும் இல்ல, வேற குறையும் சொல்லல. சிகிச்சை அப்படியே தொடரட்டும்னு?"

"எழுதிரு."

"எத்தன வருசமானாலும் இப்படியே ஓடும்மா. மெஷினெல்லாம் இப்ப ரொம்ப நல்லா வருது."

"ஓடட்டும்" என்றாள் செண்பகம்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்.

நஸ்ரீன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது உள்ளே பாட்டு கிளம்பியது. இதுவரை கேட்டதிலேயே அதுதான் பெரிய சத்தம். பாக்ஸின் வலை அதிர்ந்தது.

"யக்கா!" என்று கம்பெனி வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "மாசி இன்னைக்கு ஒரே குஷி போல இருக்கே!"

செண்பகம் கதவு வரைக்கும் வந்து, முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

உள்ளே பல்லவி முடிந்து சரணம் வந்தது.

'தாலி ஏறும் நேரத்துல
பொண்ணக் காணோம், பொண்ணக் காணோம்,
மணவறையெல்லாம் தண்ணியாம்,
மேளத்த நிறுத்த ஆளில்லையாம்.'